பாடநூலைத் தாண்டும் ஆசிரியர்

கேள்வி: மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். ஆசிரியர் பாடநூலைப் பக்கம் பக்கமாக நடத்துவதில்லை. இது முறையா?
– வாசகி, கிள்ளான்

பதில்: முறைதான், அம்மா. 2011-இல் தொடங்கிய, மலேசியத் தொடக்கப்பள்ளிகளுக்கான கேஎஸ்எஸ்ஆர் கலைத்திட்டம், மாணவர் எதைக் கற்றிருக்க வேண்டும் என்பதைக் கற்றல் தரங்களாக வரையறுக்கிறது. பாடநூல் அதற்குத் துணைக்கருவி. வர்ணனைக் கட்டுரைக்குப் பாடநூல் படத்தை விட்டு, உங்கள் ஊர்க் கோத்தா பாலத்தையோ பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையையோ ஆசிரியர் எடுக்கலாம். பின்தங்கிய பிள்ளைக்கு எளிய பயிற்சி தரலாம். கற்றல் தரத்தை மட்டும் கைவிடக்கூடாது. ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில், அந்தத் தரங்களை மாணவர் எவ்வளவு எட்டினார் என்பதைக் காட்ட 1 முதல் 6 வரை அடைவுநிலை உண்டு. பக்கங்களை எண்ணாதீர்கள், மகளின் அடைவுநிலை என்னவென்று ஆசிரியரைக் கேளுங்கள்.