சூடேறும் கைபேசியைக் கையாளும் முறை

நம் சங்கத்து அங்கத்தினருள் கைபேசி இல்லாதார் இன்று அரியர். நெய்த சேலையின் படத்தை வாங்குவோருக்கு அனுப்புவதும், சந்தை விலையைக் கேட்டறிவதும், பணம் வந்து சேர்ந்ததா எனப் பார்ப்பதும் அதன் வாயிலாகவே நடைபெறுகின்றன. அத்தகைய சாதனம் நடுப்பகலில் கைபொறுக்காதபடி சூடேறித் திரை இருண்டு நின்றுவிடுமாயின், அன்றைய வியாபாரமும் உடன் நின்றுவிடுகிறது. ஆகவே இம்மாதப் பாடமாக இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

கைபேசி ஓரளவு சூடாவது இயல்பே. கணினிப் பெட்டிக்குள் காற்றாடி உண்டு. கைபேசியுள் பெரும்பாலும் அதற்கு இடமில்லை. செயலியும், ஒளிரும் திரையும், மின்னேற்றம் பெறும் பேட்டரியும் எழுப்பும் உஷ்ணம் முழுவதும் அதன் மேலுடல் வழியாகவே வெளியேற வேண்டும். தடித்த ரப்பர் உறை இடுவது கோடையில் கம்பளி போர்த்துவதை ஒக்கும். சுற்றியுள்ள காற்றே சூடாயிருப்பின் உஷ்ணம் எங்கே போகும்? ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்துமாறு கூறுகிறது. வேலூரிலும் கரூரிலும் கத்திரி வெயிலின்போது நிழலிலேயே அவ்வளவைத் தாண்டுகிறது என்பதை நாம் அறிவோம்.

பலர் கவனியாத காரணம் மற்றொன்று உண்டு. கோபுரம் தொலைவிலுள்ள வயல்வெளியில் சிக்னல் குறையும்போது, கைபேசி தன் அலையின் வலிமையைக் கூட்டி அனுப்ப முயல்கிறது. பேட்டரி விரைந்து செலவாகிறது. சட்டைப்பையில் இருந்தபடியே பேசி சூடாகிறது. இதனை அறியாது கடைக்காரரை நோவாரும் உளர். அவ்விடத்தில் வரப்பின்மேல் வெயிலில் நின்று, கைச்சார்ஜரையும் செருகிக்கொண்டு, வீடியோவில் நெடுநேரம் பேசினால் எல்லாக் காரணங்களும் ஒருங்கே கூடிவிடுகின்றன.

சூடேறியதும் வேலையை நிறுத்துக. மின்னேற்றக் கம்பியைப் பிடுங்கி, உறையைக் கழற்றி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வைத்துவிடுக. அப்பொழுதும் தணியாவிடின் அணைத்துவைத்தல் நன்று. அவசரக்காரர் சிலர் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கின்றனர், அது தகாது. திடீர்க் குளிர்ச்சியால் உள்ளே ஈரம் படிந்து நுண்ணிய பாகங்கள் கெட்டுப்போகும்.

இனி, நெசவாளர் இல்லங்களுக்கென்றே கூறவேண்டியது ஒன்று. இரவில் கைபேசியைத் தலையணைக்கடியிலோ நூற்கட்டின்மீதோ வைத்து மின்னேற்றும் பழக்கம் சில வீடுகளில் உள்ளது. பஞ்சும் நூலும் உஷ்ணத்தை வெளியே விடா. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளவும் தாமதியா. லித்தியம் பேட்டரி தீப்பிடிப்பது அபூர்வமே. எனினும் 2016ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனம் அக்காரணத்தாலேயே தன் கேலக்ஸி நோட் 7 கைபேசிகளைத் திரும்பப் பெற்றது. பாவோடிய தறியும் வாரக்கணக்கான உழைப்பும் ஒரே அறையில் இருக்கையில் அபூர்வம் என்று வாளாவிருத்தல் இயலுமோ? கல் தரையிலோ, வெறும் பலகையிலோ, நூலுக்கு எட்டாத தூரத்தில் வைத்து மின்னேற்றுக. படுக்கப் போகுமுன் கம்பியை எடுத்துவிடுதல் இன்னும் நலம்.

பேட்டரி உப்பி, பேசியின் பின்மூடி எழும்பியிருக்கக் கண்டால், மீண்டும் மின்னேற்றலாகாது. ஊசியால் குத்துவதும், அமுக்கி மூடுவதும் பேராபத்து. அணைத்து, எரியும் பொருள்களுக்கு அப்பால் வைத்திருந்து, பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். புகை கிளம்பினால் கையால் தொடாமல், வீட்டிலுள்ளோரை வெளியேற்றி, 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தாரை அழைக்கவும்.