நடிப்பின் அளவுகோல் எது?

முன்னுரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தோல் தொழிற்கூடங்களில் ஒரு காட்சியை நாம் காணலாம். பதனிட்ட தோல்களை மேசைமீது விரித்து, முதிர்ந்த தொழிலாளர் ஒருவர் ஒவ்வொன்றையும் கையால் தடவி, வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, தரம் பிரித்து ஒதுக்குவார். அவருக்குச் சாயமிடத் தெரியாதிருக்கலாம். காலணி தைக்கத் தெரியாதிருக்கலாம். அதனால் அவரைத் திறமை குறைந்தவர் என்று நம் பகுதியில் எவரும் கூறுவதில்லை.

கலை என்று வரும்போது மட்டும் நாம் வேறொரு கோலை எடுத்துக்கொள்கிறோம். கல்லூரி நாடகப் போட்டியில் ஐந்து வேடமிட்டு ஐந்து குரலில் பேசும் மாணவருக்கே கைத்தட்டல் மிகுகிறது. ஒரே வேடத்தில் நின்று ஒரு தந்தையின் துயரை உணர்த்தும் மாணவர் கவனிக்கப்படாமலே மேடையை விட்டு இறங்குகிறார். திரைப்பட நடிகரைப் பற்றியும் நம் தீர்ப்பு இதுவே: பல்வகை வேடம் புனைபவரே நடிகர், ஒருவகை வேடமே ஏற்பவர் நடிகரல்லர். இத்தீர்ப்பு பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தொல்காப்பியம் தரும் கோல்

உள்ளத்தில் எழும் உணர்வு உடலின் வழியே பிறர்க்குப் புலனாவதே மெய்ப்பாடு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்தார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைக் கூறி, முப்பத்திரண்டாக விரித்தார். பிறரை எள்ளுவதால் பிறக்கும் நகை வேறு. பேதைமையால் பிறக்கும் நகை வேறு.

இதிலிருந்து நாம் பெறும் உண்மை யாது? நடிப்பின் பரப்பு இருவகைப்படும். வேடத்துக்கு வேடம் மாறிக் காட்டுவது புறப்பரப்பு. ஓர் உணர்வுக்குள்ளேயே பல நுட்பங்களைக் காட்டுவது அகப்பரப்பு. முன்னதைக் கண் எளிதில் காணும். பின்னதை உள்ளமே உணரும்.

இருமொழியில் ஒரு கதை

தமிழும் உருதுவும் அருகருகே வழங்கும் நம் ஊர்களுக்கு எம்.ஜி.ஆரும் திலீப் குமாரும் ஒருங்கே அறிமுகமானவர்கள். முன்னவரை வீர நாயகர் என்றும், பின்னவரைத் துயர நாயகர் என்றும் மக்கள் வகைப்படுத்தி வைத்திருந்தனர். ஆயினும் இருவரும் ஒரே கதைகளில் நடித்துள்ளனர். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய 'மலைக்கள்ளன்' (1954) படத்தில் எம்.ஜி.ஆர். நடித்தார், அதன் இந்தி வடிவமான 'ஆசாத்' (1955) படத்தில் திலீப் குமார் நடித்தார். சாணக்யா இயக்கிய 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965), 'ராம் அவுர் ஷியாம்' (1967) ஆகிய படங்களில், அஞ்சி ஒடுங்கும் ஒருவனாகவும் அஞ்சாத மற்றொருவனாகவும் இருவரும் இரட்டை வேடம் பூண்டனர்.

அடிக்கு அஞ்சி நடுங்கும் ராமுவாக எம்.ஜி.ஆரும், நகைச்சுவை பொங்கும் ஷியாமாகத் திலீப் குமாரும் தோன்றியபோது, அவர்களைப் பற்றிய வகைப்பாடு தகர்ந்தது. காட்டப்படாத திறமை இல்லாத திறமை ஆகாது என்பது இதனால் விளங்கும். எம்.என்.நம்பியார் 'திகம்பர சாமியார்' (1950) படத்தில் பதினொரு தோற்றங்களில் வந்தவர். பின்னர்ப் பல ஆண்டுகள் திரையுலகம் அவருக்குப் பெரும்பாலும் வில்லன் வேடங்களையே வழங்கியது. வேடங்களின் எண்ணிக்கை நடிகரின் ஆற்றலை மட்டும் சார்ந்ததன்று. கிடைக்கும் வாய்ப்பையும் சார்ந்தது.

ஒரு வேடத்தின் ஆழம்

புறப்பரப்புக்குச் சிவாஜி கணேசனைவிடச் சிறந்த சான்று இல்லை. 'நவராத்திரி' (1964) படத்தில் அவர் ஒன்பது வேடங்கள் தாங்கினார். அதே சிவாஜி 'முதல் மரியாதை' (1985) படத்தில் ஒரே ஒரு கிராமத்துப் பெரியவராக, குரலைத் தாழ்த்தி, அசைவைக் குறைத்து நடித்தார். ஒன்பது வேடங்களைக் கண்டு வியந்தோம். இந்த ஒரு வேடத்தைக் கண்டு உருகினோம். வியப்பு பரப்பைக் கண்டு வருவது. உருக்கம் ஆழத்தைக் கண்டு வருவது.

நகைச்சுவை நடிகர் என ஒரே பெட்டிக்குள் வைக்கப்பட்ட நாகேஷையும் நோக்குவோம். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் அவர் திகில் கதை சொல்ல, டி.எஸ்.பாலையா கேட்டு அஞ்சுகிறார். அச்சமே நகைக்குக் களனாகிறது. 'திருவிளையாடல்' (1965) படத்தின் தருமி நம்மைச் சிரிக்க வைக்கிறார்; ஆனால் அவரது புலம்பலுக்கு வேர் வறுமை. வறுமையைத் தொல்காப்பியர் அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகவே வைத்தார். அழவேண்டிய இடத்தில் நின்றுகொண்டு நகைக்க வைத்ததே நாகேஷின் அகப்பரப்பு. 'நம்மவர்' (1994) படத்தில் மகளை இழந்த தந்தையாக அவர் நம்மைக் கலங்க வைத்தார். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதும் பெற்றார். அந்தத் துயரம் அவருக்குப் புதிதாக வந்ததன்று, தருமியிடமே இருந்தது.

நிறைவுரை

அங்ஙனமாயின், ஒரே வேடத்தைத் திரும்பத் திரும்பச் செய்வோர் அனைவரும் திறமையாளரா எனின், அன்று. தரம் பிரிக்கும் முதியவரிடம் மீண்டும் செல்வோம். அவர் செய்வது ஒரே வேலை; எனினும் ஒவ்வொரு தோலையும் புதிதாகத் தொடுகிறார். நேற்றைய தோலுக்குச் சொன்னதை இன்றைய தோலுக்குச் சொல்வதில்லை. நடிகரும் அவ்வாறு ஒவ்வொரு வேடத்தையும் புதிதாகத் தொடுகின்றாரா என்பதே கேட்கத் தக்க வினா. தொடுபவர் ஒருவகை வேடமே ஏற்றாலும் கலைஞர். தொடாதவர் நூறு வேடம் புனைந்தாலும் ஒப்பனையை மட்டுமே மாற்றியவர்.

பல்வகை ஆற்றல் ஒரு செல்வம்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது திறமையின் பல அடையாளங்களுள் ஒன்றேயன்றி, திறமையின் அளவுகோல் அன்று. அடுத்த நாடகப் போட்டியில் மதிப்பெண் தாளைக் கையில் எடுக்கும்போது, வேடங்களை எண்ணுவதற்குமுன் மெய்ப்பாட்டை நோக்குவோம். அவ்வாறு நோக்கினால், கவனிக்கப்படாமல் இறங்கிப்போகும் மாணவரையும் நாம் இழக்கமாட்டோம்.