கொட்டாவி விடும் பையனைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மறைக்கல்வி வகுப்பை எடுத்து நாலு மாதம் ஆகவில்லை, அதற்குள் சொன்னதையே சொல்லி வாய் புளித்துவிட்டது என்கிறாய். கடைசி வரிசைப் பையன் கொட்டாவி விட்டால் உனக்குப் பேச்சே நின்றுபோகிறதாம். இதே குறையை 1,600 வருடத்துக்கு முன்பே ஒருவர் எழுதிவிட்டார், தம்பி. கார்த்தேஜ் நகரத்துத் திருத்தொண்டர் தேயோகிராசியாஸ். எழுதியது ஹிப்போ ஆயர் அகுஸ்தீனாருக்கு.

பதிலாக ஒரு சிறு நூலே போனது. என் பேச்சும் பெரும்பாலும் எனக்குப் பிடிப்பதில்லை என்று அதில் எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொள்கிறார். மனதில் மின்னி மறைவதை நாக்கு இழுத்து இழுத்துச் சொல்வதற்குள் அது போய்விடுகிறதாம். இதைச் சொல்பவர் மிலானில் பேச்சுக்கலை ஆசிரியராக இருந்தவர்! அப்புறம் நீயும் நானும் எம்மாத்திரம்.

கொட்டாவிக்கும் அதில் பதில் இருக்கிறது. அன்றைய ஆப்பிரிக்கக் கோயில்களில் ஆயர் உட்கார்ந்து பேசுவார், சனங்கள் நின்று கேட்பார்கள். அகுஸ்தீனார் போதித்துக்கொண்டிருந்தபோதே ஒரு நாட்டுப்புறத்து ஆள் கால் வலி தாங்காமல் நழுவிப் போனதுண்டு. அந்த ஆளை அவர் குறை சொல்லவில்லை. கடல்கடந்த சில சபைகளில் சனங்களுக்கும் இருக்கை போடுகிறார்கள், அதுதான் சரி, முதலிலேயே உட்காரச் சொல் என்கிறார். கேட்பவன் அசந்தால் அவன் பக்தியைச் சந்தேகிப்பதற்கு முன் காலைப் பார்க்கச் சொன்ன ஆயர்!

எனக்குப் பிடித்தது இன்னொன்று. லத்தீனில் ‘ஓஸ்’ என்று நெடிலாகச் சொன்னால் வாய், ‘ஒஸ்’ என்று குறிலாகச் சொன்னால் எலும்பு. ஆப்பிரிக்கக் காதுகளுக்கு இந்தக் குறில் நெடில் பிடிபடாது. அப்படியானால் எலும்புக்கு ‘ஒஸ்ஸும்’ என்ற கொச்சையையே சொல்லிவிட்டுப் போ, கேட்பவனுக்குப் புரியட்டும், இலக்கண வாத்தியார் திட்டினால் திட்டட்டும் என்றார் அகுஸ்தீனார். அவரே இலக்கணம் கற்பித்த வாத்தியார்தான் என்பதை மறந்துவிடாதே. நீ ‘இரட்சணியம்’ என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எலும்பு ஞாபகம் வரும்.

கைதட்டலை நம்பாதே. 418-இல் அகுஸ்தீனார் மவுரித்தானிய சிசேரியா என்ற ஊருக்குப் போனார். அங்கே வருடந்தோறும் குறிப்பிட்ட நாட்களில் ஊரே இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் கல்லெறிந்து கொல்லும் வழக்கம். அண்ணன் தம்பி, அப்பா பிள்ளை என்றெல்லாம் பார்ப்பதில்லை. அதை நிறுத்தச் சொல்லிப் பேசினார், கூட்டம் ஆர்ப்பரித்தது. நம் பேச்சு எடுபடவில்லை என்றே நினைத்தாராம். அவர்கள் அழ ஆரம்பித்த பிறகுதான் நம்பினார். எட்டு வருடத்துக்குப் பின் இதை எழுதும்போதும் அங்கே அந்தக் கல்லடி திரும்பவில்லை.

எல்லாவற்றிலும் அவரைப் பின்பற்றச் சொல்லமாட்டேன். சபையிலிருந்து பிரிந்து நின்ற தொனாத்தியர்களை வாதாடித்தான் வெல்லவேண்டும் என்று தொடங்கியவர், பிறகு பேரரசின் சட்டத்தையும் அபராதத்தையும் கொண்டு அவர்களைச் சபைக்குள் தள்ளுவது நியாயம் என்று எழுதினார். அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் செய்ததை நினைத்தால் மனம் கசக்கிறது. 430-இல், வண்டல் இனப் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது, சாகக் கிடந்த அவர் மனந்திரும்புதலின் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் மாட்டச் சொல்லி, படுத்தபடியே வாசித்து அழுதாராம். எதை நினைத்து அழுதாரோ!

தேயோகிராசியாஸுக்குச் சொன்ன யோசனையில் ஒன்றை மட்டும் இந்த ஞாயிறே செய்துபார். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், வந்தவனிடம் எதற்காக வந்தாய் என்று கேட்கச் சொல்கிறார். அவன் பொய்யே சொன்னாலும் அதிலிருந்தே தொடங்கலாமாம். அந்தக் கடைசி வரிசைப் பையனைக் கேள். அம்மா அடித்து அனுப்பினாள் என்றாலும் சரி, அவன் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய உபதேசியார்