நெல் நிற்கும்போதே உளுந்து தெளியுங்கள்
தை மாத ஆலோசனை: காவிரி டெல்டா சிறு விவசாயிகளுக்கு

சம்பாவும் தாளடியும் அறுவடையை நெருங்கிவிட்டன. வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூர் அணை மூடப்படும். அதன்பின் வாய்க்காலை நம்ப முடியாது. களிமண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரம்தான் இனி உங்கள் கைமுதல். அந்த ஈரத்திலும் பின்பனியிலும் உழாமல், தண்ணீர் பாய்ச்சாமல் விளைவது தரிசு உளுந்து. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு உழவுக்கூலி மிச்சம். பங்குனி கடைசியில் வீட்டுக்கும் விற்கவும் உளுந்து இருக்கும்.

விதைப்பு
கையால் அறுக்கும் வயலில், அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு தெளியுங்கள். இயந்திரம் இறங்கும் வயலில் முளைத்த செடி நசுங்கிவிடும். வண்டி வரும் நாளை உறுதி செய்துகொண்டு, ஓரிரு நாள் முன்பு தெளித்தால் போதும்.

மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். காலை வைத்தால் தடம் பதியணும், தடத்தில் நீர் ஊறக் கூடாது. நீர் நின்றால் விதை அழுகும்; வெடிப்பு விட்ட வயலில் முளைப்பு இராது. மழை வந்தால் வடிய இப்போதே வடிகாலைச் சீர்செய்யுங்கள்.

விதை
ஏக்கருக்கு 12 கிலோ. ஆடுதுறை 3 தரிசுக்கு ஏற்ற ரகம். 70 முதல் 75 நாளில் விளையும். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து வையுங்கள். விதைக்கும் நாளில் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து, விதையோடு பிசறி, நிழலில் உலர்த்துங்கள்.

அறுவடைக்குப் பின்
தாளைக் கொளுத்தாதீர்கள். நிற்கும் தாள்தான் மண்ணை வெயிலிலிருந்து மறைத்து ஈரத்தைக் காக்கும். அறுத்த வயலில் ஆடு மாடு இறங்குவது வழக்கம். உங்கள் வயலுக்கு மட்டும் வேலி போட்டு ஆகாது. ஊர் கூடிப் பேசி, மேய்ச்சலையும் கிடையையும் உளுந்து எடுத்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

பூக்கும்போது
ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து, 190 லிட்டர் நீரில் கலந்து மாலையில் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை. இலை மஞ்சள் தேமலாக மாறிய செடியைக் கண்டதும் பிடுங்கி அழித்துவிடுங்கள்; வெள்ளை ஈ அந்த நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும்.

எடுக்கும்போது
வேரோடு பறிக்காமல் அடியில் அறுங்கள். வேர் முடிச்சில் சேர்ந்த தழைச்சத்து மண்ணிலேயே தங்கி, அடுத்த நெல்லுக்கு உதவும். பொட்டு மாட்டுக்கு ஆகும். நோயில்லாத பகுதியில் விளைந்ததை நன்றாகக் காயவைத்து, அடுத்த தைக்கு விதையாக எடுத்து வையுங்கள்.

அறுவடை வண்டிக்குச் சொல்லும் அன்றைக்கே விதையும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஈரம் காத்திருக்காது.