வெளிநாட்டு வேலையா? ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடி உங்க பேங்க் அக்கவுன்ட்டைச் சரி பண்ணுங்க!



போன மாசம் மண்டபத்துல இருந்து என் சித்தப்பா பையன் போன் பண்ணினான். "அண்ணே, துபாய்ல சைட் இன்ஜினியர் வேலை கிடைச்சிருச்சு. அங்க போய் அக்கவுன்ட் ஓபன் பண்ணிக்கலாம்ல?"

"அது இருக்கட்டும். இங்க இருக்கிற சம்பள அக்கவுன்ட்டை என்னடா பண்ணப் போற?"

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும்ணே. ஏடிஎம் கார்டை அம்மாகிட்ட கொடுத்துட்டுப் போறேன்."

இதே வார்த்தையைச் சொல்லிட்டுத்தான் எங்க மாமாவும் ஷார்ஜா போனார். 11 வருஷ உழைப்பு. பாதிப் பணம் பழைய சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு வந்துச்சு, பாதி 'உண்டியல்' வழியா வீட்டு வாசலுக்கே வந்துச்சு. ஊர் திரும்பி வீடு கட்டலாம்னு கடனுக்குப் போனப்ப, கைக்காசா எவ்வளவு போடுவீங்க, அது எங்க இருந்து வந்ததுன்னு பேங்க்ல கேட்டாங்க. உண்டியல்ல வந்த பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. தான் சம்பாதிச்ச காசுக்குத் தன்கிட்டயே சாட்சி இல்லாம நின்னார்.

வெளியூர்ப் பிழைப்பு மண்டபத்துக்குப் புதுசில்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் கேம்ப்ல தங்கவெச்சு, உடம்பைச் சோதிச்சுத்தான் கப்பல் ஏத்தினாங்க. இப்போ மதுரையிலயோ திருச்சியிலயோ ஃபிளைட் ஏறுறோம். உடம்பைச் சோதிக்கிற மாதிரி, கிளம்புறதுக்கு முன்னாடி கணக்கையும் சோதிச்சுக்கணும். வீடியோல சொன்னதை இங்க வரிசையா எழுதுறேன்.

1. முதல்ல உங்க 'நிலை' மாறுது

வேலைக்காக இந்தியாவை விட்டுக் கிளம்பினாலே, ஃபெமா சட்டப்படி (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999) நீங்க வெளிநாடுவாழ் இந்தியர், அதாவது என்ஆர்ஐ. அதுக்கப்புறம் சாதாரண சேவிங்ஸ் அக்கவுன்ட்டை அப்படியே வெச்சிருக்கக் கூடாது. பேங்க்ல சொல்லி மாத்தணும்.

வருமான வரிக் கணக்கு வேற. அங்க நாள் எண்ணுவாங்க. வேலைக்காகப் போறவர் அந்த நிதியாண்டுல இந்தியாவுல 182 நாளுக்குக் குறைவா இருந்திருந்தா, அந்த வருஷமே என்ஆர்ஐ. ஏப்ரல் 1ல இருந்து இங்கேயே இருக்கிறவர் செப்டம்பர் 28க்குள்ள கிளம்பிட்டா இந்தக் கணக்குக்குள்ள வந்துடுவார். டிசம்பர்ல போனா அந்த வருஷத்துக்கு இந்தியக் குடியிருப்பவர்தான். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் துபாய்ச் சம்பளமும் இங்க வரிக் கணக்குல சேரும். சேர வேண்டிய தேதி உங்க கையில இருந்தா, இதையும் யோசிச்சுக்கோங்க.

2. இந்தியாவுல வேண்டியது ரெண்டு கணக்கு

என்ஆர்ஓ: உங்க பழைய சேவிங்ஸ் அக்கவுன்ட் இதுவா மாறும். இந்தியாவுல வர்ற வாடகை, டிவிடெண்ட், பழைய கம்பெனி பாக்கி எல்லாம் இதுல வரும். இதுல வர்ற வட்டிக்கு வரி உண்டு.

என்ஆர்இ: புதுசா திறக்கணும். வெளிநாட்டுல சம்பாதிச்ச பணத்துக்கு இதுதான் வீடு. நீங்க என்ஆர்ஐயா இருக்கிற வரை வட்டிக்கு இந்தியாவுல வரி இல்ல. எப்போ வேணும்னாலும், எவ்வளவு வேணும்னாலும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். என்ஆர்ஓவுல இருந்து எடுக்கணும்னா நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரைதான், அதுவும் வரிப் படிவங்களோட.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10 லட்ச ரூபாய் டெபாசிட், 7% வட்டின்னு வெச்சுக்குங்க. வருஷத்துக்கு 70,000 ரூபாய். என்ஆர்ஓவுல இருந்தா 30 சதவீத வரியும் அதுக்கு மேல 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2% டிடிஎஸ். அதாவது 21,840 ரூபாய் பிடிச்சுடுவாங்க. உங்க மொத்த இந்திய வருமானம் குறைவா இருந்தா ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனா அது அலைச்சல். அதே பணம் என்ஆர்இ டெபாசிட்டா இருந்தா பிடித்தம் பூஜ்யம். ஒரு வருஷமாவது போட்டு வைக்கணும், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பணம் எப்படின்னு கேக்குறீங்களா? ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்துட்டுப் போறது வழி இல்ல. என்ஆர்இ கணக்குல அம்மாவையோ அப்பாவையோ 'மேன்டேட்' கொடுத்துச் சேர்த்தா, உள்ளூர்ச் செலவுக்கு அவங்களே எடுக்கலாம். நாமினி பேரையும் அப்பவே எழுதிடுங்க.

3. அங்க திறக்குற கணக்கு

'ஆஃப்ஷோர் அக்கவுன்ட்'னு கேட்டதும் சுவிஸ் பேங்க் ஞாபகம் வரும். நமக்கு அது வெறும் சம்பள அக்கவுன்ட்தான். பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் விசா, எமிரேட்ஸ் ஐடி, கம்பெனி கொடுக்கிற சம்பளச் சான்று இருந்தா திறந்துடலாம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: குறைஞ்சபட்ச இருப்பு எவ்வளவு? குறைஞ்சா மாசம் எவ்வளவு பிடிப்பீங்க? இந்தியாவுக்கு அனுப்பக் கட்டணம் எவ்வளவு, ரேட் என்ன?

ஃபார்ம்ல 'எந்த நாட்டுல வரி கட்டுறீங்க'ன்னு ஒரு கேள்வி இருக்கும். உண்மையை எழுதுங்க. இந்தியாவும் அமீரகமும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தானாகவே பகிர்ந்துக்கிற சர்வதேச ஏற்பாட்டுல இருக்கு.

4. உண்டியல் வேண்டாம்

ரேட் கொஞ்சம் கூட கிடைக்கும், வீட்டு வாசல்லயே காசு வரும், உண்மைதான். ஆனா ஃபெமாப்படி அது குற்றம். சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூணு மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அதைவிடப் பெரிய நஷ்டம், மாமாவுக்கு நடந்தது. ரேட்ல கிடைச்ச சில்லறை லாபத்துக்கு, பல வருஷச் சம்பளத்தோட அத்தாட்சியை விட்டுட்டார்.

5. திரும்பி வரும்போது

இங்கதான் படிச்சவங்களே கோட்டை விடுறாங்க.

* அங்க கிரெடிட் கார்டு, லோன் எதையும் பாக்கி வெச்சுட்டு வராதீங்க. கடன் முடிஞ்சதுக்குக் கடிதம் வாங்கிக்கோங்க.
* வந்ததும் பேங்க்ல சொல்லி என்ஆர்இ, என்ஆர்ஓ ரெண்டையும் சாதாரண கணக்கா மாத்துங்க. அதுக்கப்புறம் வர்ற வட்டிக்கு வரி உண்டு. டாலராவே வெச்சிருக்கணும்னா ஆர்எஃப்சி கணக்கு இருக்கு.
* துபாய் அக்கவுன்ட்டை மூடியே ஆகணும்னு சட்டம் இல்ல. அங்க இருந்தப்ப சம்பாதிச்சது அங்கேயே இருக்கலாம்.
* ஆனா வரிச் சட்டப்படி முழுமையான குடியிருப்பவரா ஆன வருஷத்துல இருந்து, ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்துக்கான 'ஷெட்யூல் எஃப்ஏ'வுல அந்தக் கணக்கைக் காட்டணும். காட்டாம விட்டா கறுப்புப் பணச் சட்டம், 2015ன்படி 10 லட்ச ரூபாய் அபராதம் வரை போகலாம். நிலம், வீடு தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தமா 20 லட்சத்துக்குள்ள இருந்தா 2024 அக்டோபர் 1ல இருந்து இந்த அபராதத்துல விலக்கு இருக்கு. அபராதத்துலதான் விலக்கு. காட்டுற கடமை அப்படியேதான் இருக்கு.

தம்பி கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பேங்க்குக்குப் போய், பழைய கணக்கை என்ஆர்ஓவா மாத்த எழுதிக் கொடுத்துட்டான். விசா நகலைக் காட்டி என்ஆர்இக்கும் விண்ணப்பம் போட்டாச்சு. கூட வந்தது எங்க மாமா. வரிசையில நிக்கும்போது அவர் தம்பிகிட்ட சொன்னது ஒண்ணுதான்: "ஒவ்வொரு மாசமும் அனுப்புற ரசீதைப் பத்திரமா வைடா."

நீங்களும் விசா கையில வந்த அன்னைக்கே பேங்க்குக்குப் போயிடுங்க. உங்க வரி நிலை கொஞ்சம் சிக்கலா இருந்தா, ஒரு ஆடிட்டரைப் பார்த்துக் கேளுங்க. அந்த ஃபீஸ் வீண் போகாது.

அடுத்த வீடியோல சந்திப்போம்.