சயனோடைப்புக்கு எந்த பிலிம்?

கேள்வி: எனக்குக் கடலூர் முதுநகர். வேலை சிதம்பரத்தில். பிச்சாவரம் கால்வாய்களையும் எங்கள் துறைமுகத்துப் படகுகளையும் நிறையப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ரசாயனம் தடவிய தாள்மேல் நெகட்டிவை வைத்து வெயில் காட்டும் சயனோடைப் முறையில் அவற்றை நீலப் படங்களாக அச்சிட ஆசை. ஸ்டேஷனரி கடையில் ஓ.எச்.பி. ஷீட் வாங்கி, வீட்டிலிருக்கும் இங்க் டேங்க் பிரிண்டரில் நெகட்டிவ் எடுத்தேன். மை முத்து முத்தாக நின்றது. மறுநாள் தொட்டாலும் விரலில் ஒட்டியது. ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். வானம் முழுக்கத் திட்டுத் திட்டாக வந்தது. ஆன்லைனில் வாங்கிய வேறொரு பிலிம் வெள்ளை பூத்து மங்கலாக இருக்கிறது. இதில் வெயில் எங்கே இறங்கப்போகிறது என்று உறைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டேன். நான் எதை வாங்குவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தாத்தா ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் ஒரு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை நேராக வெயிலில் வைத்து அச்சிடலாமா?

– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உறைக்குள் திருப்பி வைத்த அந்த மங்கலான பிலிமை வெளியே எடுங்கள். உங்களுக்கு வேண்டியது அநேகமாக அதுதான்.

பிலிம் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பளிச்சென்று இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஆனால் பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் வெறும் பாலியஸ்டர். அது ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காது. இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர்தான். குடிக்க இடமில்லாத மை மேலேயே உருண்டு நிற்கும், காய்ந்தாலும் பிடிக்காது. உங்கள் முதல் ஷீட்டுக்கு நடந்தது இதுதான். அது லேசருக்கும் ஜெராக்ஸுக்கும் ஆனது; உங்கள் பிரிண்டர்மேல் குற்றமில்லை. பிலிம் வாங்குவது என்றால் அதன் மேலிருக்கும் பூச்சை வாங்குவது. கீழே இருக்கும் பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இங்க்ஜெட் பிலிம்களில் அந்தப் பூச்சு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ஜெலட்டின், பாலிவினைல் ஆல்கஹால் போன்றவற்றால் ஆனது. மை பட்டதும் ஊறின சவ்வரிசியாக உப்பி மையை உள்ளே வைத்துக்கொள்ளும். பார்க்கத் தெளிவாக இருக்கும். வறண்ட ஊர்களில் நன்றாகவே வேலை செய்யும். ஒரு பக்கம் உப்பனாறும் இன்னொரு பக்கம் கடலுமாக இருக்கும் முதுநகரில், காற்றிலிருக்கும் ஈரமே போதும் அது மறுபடி பிசுபிசுக்க. அதைக் கொண்டுபோய் ரசாயனம் தடவிய தாளோடு கண்ணாடிக்கு அடியில் அழுத்தினால் நெகட்டிவும் போகும், படமும் போகும். இரண்டாவது வகையில் சிலிகா அல்லது அலுமினாவின் மிக நுண்ணிய துகள்கள் இருக்கும். துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் மை இறங்கி நிமிடங்களில் காய்ந்துவிடும். அதே துகள்கள்தான் ஒளியைச் சிதறடித்து ஷீட்டை மங்கலாகக் காட்டுகின்றன. ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடையில் வாட்டர்ப்ரூஃப் இங்க்ஜெட் பாசிட்டிவ் பிலிம் என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் இந்த வகை. திருப்பூரில் பனியன் துணிக்கு அச்சு போடுகிறவர்கள் தினமும் புழங்கும் பொருள் இது. இந்த வேலைக்கென்றே பேர்போன ஜப்பானிய பிலிம் பிக்டோரிகோ. அருமையான பிலிம்தான். ஆனால் கற்றுக்கொள்ளும்போது அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

மங்கலாக இருந்தால் வெயில் இறங்காதே என்கிற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கண் பார்க்கும் ஒளி வேறு, சயனோடைப் தாள் பார்க்கும் ஒளி வேறு. அந்தத் தாளை முக்கியமாக நீலமாக்குவது புற ஊதாக் கதிர். ஷீட் முழுக்க ஒரே சீராக மங்கல் இருந்தால் அது கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்கும், அவ்வளவுதான். கூர்மையும் கெடாது, மை இருக்கும் பக்கம் தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை. அதற்காகத்தான் படத்தைக் கம்ப்யூட்டரிலேயே இடவலமாகத் திருப்பிவிட்டு பிரிண்ட் கொடுக்கச் சொல்கிறோம். பூச்சு எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? விரல் நுனியை லேசாக ஈரமாக்கி ஷீட்டின் மூலையில் வைத்து எடுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் பக்கம்தான் பூச்சு. ஒன்றை மட்டும் வாங்கிவிடாதீர்கள்: ஸ்கேன் சென்டர்களில் ரிப்போர்ட் எடுத்துத் தரும் வெள்ளை பிலிம். அதுவும் இங்க்ஜெட் பிலிம்தான், ஆனால் ஒளி ஊடுருவாத வெள்ளை.

நெகட்டிவை எதன்மேல் எடுப்பது என்ற கேள்வி நம் பக்கத்தில் புதிதல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-ல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், 1857-58-ல் திருச்சி, சீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிக் கோயில்களைப் படமெடுத்தார். அப்போது கண்ணாடியில் கொலோடியன் பூசி எடுக்கும் முறை வந்துவிட்டிருந்தது. படம் இன்னும் கூர்மையாக விழும். ஆனால் கண்ணாடியில் பூசியது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடித்தாக வேண்டும். நம் வெயிலில் அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? ட்ரைப் காகித நெகட்டிவை நம்பினார். மெழுகேற்றிய காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாம், உடையாது, கனமும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக ஒட்டிச் சேர்த்தார். காகிதத்தின் நார் தெரியும் நெகட்டிவிலிருந்து எழுத்துகளைப் படிக்கக்கூடிய ஒரு படம்! தெளிவு குறைந்த பொருள் என்று அவர் அதை ஒதுக்கவில்லை, ஊருக்கும் வேலைக்கும் எது ஒத்துவரும் என்று பார்த்தார். இன்னொரு சங்கதி உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அந்த நெகட்டிவ்களில் வானம் சரியாக வராது. ட்ரைப் தூரிகையை எடுத்து நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி வானத்தைச் சமன் செய்தார், சிலவற்றில் மேகங்களையும் வரைந்தார்.

உங்கள் லேசர் நெகட்டிவின் வானம் திட்டானதற்குக் காரணம் வேறு. லேசர் பிரிண்டர் டோனர் பொடியை உருக்கி ஒட்டுகிறது. பெரிய பரப்பில் அது சீராக விழாது, நடுநடுவே ஊசிமுனை ஓட்டைகள் இருக்கும். படிப்படியாக மாறும் சாம்பல் நிறங்களும் அதற்கு வராது. ஆனால் கோலம், கையெழுத்து, கோட்டுச் சித்திரம் என்றால் லேசர் தாராளமாகப் போதும். உங்கள் வீட்டு வாசல் கோலங்களைச் சயனோடைப் செய்து பாருங்கள், ஜெராக்ஸ் கடை ஷீட்டே அழகாக வேலை செய்யும். இங்க்ஜெட் பிலிமை மட்டும் எக்காரணம் கொண்டும் ஜெராக்ஸ் மெஷினில் விடச் சொல்லாதீர்கள். சூட்டில் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும், கடைக்காரருக்குப் பெரிய செலவு வைத்துவிடும்.

பிலிம் கையில் வந்ததும் படத்தை பிரிண்ட் செய்ய அவசரப்பட வேண்டாம். முதலில் வெறும் பிலிமைச் சோதியுங்கள். கரைசல் தடவிக் காய்ந்த தாளில் நீளவாக்கில் ஒரு துண்டு வெட்டி, அதன் பாதி அகலத்தை மட்டும் வெற்று பிலிமால் மூடுங்கள். மேலே போட்டோ பிரேம் கண்ணாடி. பிறகு ஒரு அட்டையை 2 நிமிடத்துக்கு ஒருமுறை நகர்த்தி, 2, 4, 6 என்று 20 நிமிடம்வரை வெயில் காட்டுங்கள். கழுவிக் காயவைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள்; சயனோடைப்பின் நீலம் காற்று பட்டு மெல்லத்தான் முழு ஆழத்துக்கு வரும். மறுநாள் பார்த்தால், பிலிம் இல்லாத பாதி சில நிமிடங்களிலேயே முழு நீலத்தை எட்டி அதற்குமேல் மாறாமல் நின்றிருக்கும். பிலிம் மூடிய பாதி எந்த நிமிடத்தில் அந்த நீலத்தைத் தொடுகிறது என்று கவனியுங்கள். அந்த பிலிமுக்கு, அந்தத் தாளுக்கு, உங்கள் ஊர் நடுப்பகல் வெயிலுக்கு அதுதான் நேரம். இனி எல்லாப் படத்துக்கும் அதே நேரம்தான். படம் வெளிறிப்போனாலும் இருண்டுபோனாலும் நேரத்தைத் தொடாதீர்கள், நெகட்டிவைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு பிலிம்களில் எது மேல் என்று தெரியாவிட்டால் இதே சோதனையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறையில் அச்சடித்திருக்கும் எதையும்விட இது நம்பகமானது.

அடுத்தது மை. வெள்ளையிலிருந்து கறுப்புவரை 21 படிகள் கொண்ட சாம்பல் பட்டையைக் கம்ப்யூட்டரில் வரைந்து பிலிமில் எடுங்கள். பிரிண்டர் செட்டிங்கில் பளபளப்பு போட்டோ பேப்பர், உயர்ந்த தரம் என்று வைத்து, ஹை ஸ்பீடை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வானத்தில் குறுக்குக் கோடுகள் விழும். ஷீட் இருப்பதே தெரியாமல் பிரிண்டர் மறுத்தால், முதலில் உள்ளே போகும் ஓரத்தின் பின்பக்கம் வெள்ளைத் தாள் பட்டை ஒன்றை ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். இந்தச் சாம்பல் பட்டையை முன்பு கண்டுபிடித்த நேரத்துக்கு வெயிலில் வைத்துக் கழுவினால், மிகக் கறுப்பான படிக்கு அடியில் தாள் அப்போதுதான் வெள்ளையாகத் தொடங்க வேண்டும். அங்கேயும் நீலம் தெரிந்தால் மை புற ஊதாக் கதிரைத் தடுக்கவில்லை என்று அர்த்தம். கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரிகிற மைகூட அந்தக் கதிருக்கு வழிவிடும். எப்ஸன் எல்805 போன்ற ஆறு நிற போட்டோ பிரிண்டர்களில் இருப்பது கரையும் சாயமை; நிறமித் துகள் கலந்த மையைவிட இதில் இந்தச் சிக்கல் அதிகம். அப்போது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று நிறக் கட்டங்களை ஒரு ஷீட்டில் எடுத்து அச்சிடுங்கள். எது அதிகமாகத் தடுக்கிறதோ அந்த நிறத்திலேயே முழு நெகட்டிவையும் எடுக்கலாம். எது தடுக்கும் என்பது மைக்கு மை மாறும். கம்பெனி மையை விட்டு விலை குறைந்த ரீஃபில் மைக்கு மாறினால் கட்டங்களை மறுபடி எடுத்தே ஆக வேண்டும். இப்படிக் கம்ப்யூட்டரில் நெகட்டிவ் செய்யும் முறையை விரிவாக எழுதி டான் பர்க்ஹோல்டர் புத்தகம் வெளியிட்டது 1995-ல். மென்பொருள்கள் நிறைய வந்துவிட்டன, ஆனால் பட்டையை அச்சிட்டுக் கண்ணால் பார்ப்பதை எதுவும் மாற்றவில்லை.

உங்கள் ஊர் ஈரத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிலிம் கட்டைப் பிரித்ததும் மீதியை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டுவிடுங்கள். நெகட்டிவையும் கரைசல் தடவிய தாளையும் வெயிலுக்குக் கொண்டுபோகும் முன் ஹேர் டிரையரில் சூடில்லாத காற்றைக் காட்டுங்கள். தாள் தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நெகட்டிவுக்கும் தாளுக்கும் நடுவே பூங்கொத்து சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துவிடுங்கள். கூர்மை கொஞ்சம் குறையும், நெகட்டிவ் பிழைக்கும். பின்னால் சில்வர் நைட்ரேட்டில் உப்புத்தாள் அச்சுக்குப் போனால் இந்த நடுத்தாள் எந்தக் காலத்திலும் அவசியம், இல்லையென்றால் பிலிமில் பழுப்புக் கறை ஏறும். கழுவும் தண்ணீரையும் கவனியுங்கள். போர் தண்ணீர் காரமாக இருந்தால் நீலம் கரைந்து வெளிறும். முதல் அலசலில் சிட்டிகை சிட்ரிக் அமிலமோ எலுமிச்சைச் சாறோ சேருங்கள்.

தாத்தாவின் கண்ணாடிகளுக்கு வருகிறேன். நேராக வெயிலில் வைத்தால் படம் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் வைக்காதீர்கள். அந்தக் கண்ணாடிகளில் படம் இருப்பது ஜெலட்டின் ஏட்டில். கண்ணாடிக்கு அடியில் வெயில் சூடும் தாளின் ஈரமும் சேர்ந்தால் ஏடு தாளோடு ஒட்டி உரிந்துவிடும். ஒரு தடவை உரிந்தால் அந்த முகம் போனது போனதுதான். டிஜிட்டல் நெகட்டிவ் இருப்பதே இதுமாதிரி இடத்துக்காகத்தான். டேப்லெட் திரையை முழு வெள்ளையாக்கி, திரையின் புள்ளிகள் படத்தில் விழாதபடி சற்று உயரத்தில் கண்ணாடியை ஓரங்களில் மட்டும் தாங்கி நிறுத்தி, கேமராவால் படமெடுங்கள். எடுத்தது ஏற்கெனவே நெகட்டிவ் என்பதால் நிறத்தைத் தலைகீழாக்க வேண்டாம். உங்கள் சாம்பல் பட்டைக்கு ஏற்ப அடர்த்தியைத் திருத்திவிட்டு பிலிமில் எடுத்துவிடலாம். மங்கலாக, பளபளப்பில்லாமல் இருப்பது ஏட்டுப் பக்கம். அதை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், அமிலமற்ற தாளில் தனித்தனியாகச் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். பக்கத்துப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கும் வேலை பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு நடந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுக்கும் முன் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உறையிலோ கண்ணாடி ஓரத்திலோ தாத்தா எண்ணோ பெயரோ எழுதியிருந்தால், அதையும் அப்படியே படமெடுத்து அனுப்புங்கள்.