மின்விசிறி எதைக் குளிர்விக்கிறது?

சித்திரை வெயிலில் நடந்து வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கை தானாகவே சுவிட்சைத் தேடுகிறது. தலைக்கு மேல் விசிறி சுழலத் தொடங்கிய அரை நிமிடத்தில் ‘அப்பாடா’ என்று உட்காருகிறோம். அறை குளிர்ந்துவிட்டது என்றும் சொல்கிறோம். ஆனால் அறை உண்மையில் குளிர்ந்ததா?

பள்ளி ஆய்வகத்தில் உள்ள சாதாரண வெப்பமானி ஒன்றை (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது) விசிறிக்கு நேர் கீழே தொங்கவிட்டுப் பாருங்கள். விசிறி நிற்கும்போது அது 33 டிகிரி செல்சியஸ் காட்டினால், விசிறி வேகமாகச் சுழலும்போதும் அதே 33 டிகிரியைத்தான் காட்டும். பத்து நிமிடம் காத்திருந்தாலும் பாதரசம் இறங்காது. நமக்குக் குளிர்கிறது, வெப்பமானிக்குக் குளிரவில்லை!

இன்னும் ஒரு படி மேலே போவோம். விசிறி அறையைக் குளிர்விக்கவில்லை என்பது மட்டுமல்ல, கொஞ்சம் சூடாக்கவும் செய்கிறது. பழைய வகை விசிறி ஒன்று முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் மின்திறனை எடுத்துக்கொள்கிறது. இதில் ஒரு பகுதி மோட்டாரின் கம்பிச்சுருளிலேயே வெப்பமாகிறது. மீதி காற்றின் இயக்க ஆற்றலாகிறது. அந்தக் காற்றும் சுவரிலும் தரையிலும் மோதி, சுழன்று, உராய்ந்து ஓய்கிறது. ஆக, 75 வாட்டும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் தங்கிவிடுகிறது.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் 36 கனமீட்டர் காற்று இருக்கும். ஒரு கனமீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம், எனவே மொத்தம் 43 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 1000 ஜூல் தேவை. 75 வாட் விசிறி ஒரு மணி நேரத்தில் 2,70,000 ஜூல் வெப்பத்தைத் தருகிறது. வெப்பம் துளியும் வெளியேறாத பெட்டியாக அறை இருந்தால், ஒரு மணி நேரத்தில் காற்றின் வெப்பநிலை 6 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும்! நல்லவேளையாகச் சுவரும் தரையும் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. சன்னல் வழியாகவும் போகிறது. அதனால் நமக்கு அது தெரிவதில்லை. ஆளில்லாத அறையில் விசிறியை ஓடவிட்டுப் போனால், ‘திரும்பி வரும்போது அறை குளுகுளு என்றிருக்கும்’ என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இந்தக் கணக்கிலிருந்து காணலாம்.

அப்படியானால் விசிறி எதைத்தான் குளிர்விக்கிறது? நம்மை.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்கு ஈடு! அந்த வெப்பம் வெளியேறிக்கொண்டே இருந்தால்தான் உடலின் உட்பகுதி 37 டிகிரியில் நிற்கும். காற்று அசையாமல் இருக்கும்போது, தோலை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று தங்குகிறது. அது உடலின் சூட்டை வாங்கிச் சூடாகிறது. வியர்வையின் ஆவியை வாங்கி ஈரமாகிறது. அதற்குமேல் வாங்க அதற்கு இடமில்லை. கண்ணுக்குத் தெரியாத கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் எனலாம். இதைத்தான் நம் வழக்கில் ‘புழுக்கம்’ என்கிறோம். விசிறி செய்யும் வேலை இந்தக் கம்பளியை உருவி எறிவதுதான். பழைய படலம் விலகியதும், குறைந்த சூடும் குறைந்த ஈரமும் உள்ள புதுக் காற்று வந்து தோலைத் தொடுகிறது.

இதில் பெரிய பங்கு வியர்வை ஆவியாவதற்கே உரியது. உள்ளுறை வெப்பத்தைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உடலின் 100 வாட்டையும் வியர்வையே சுமந்து போக வேண்டுமானால், மணிக்கு 150 கிராம் ஆவியாக வேண்டும். விசிறியின் கீழ் அது உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறோம். வழிந்து தரையில் சொட்டும் வியர்வையோ நம்மைக் குளிர்விப்பதில்லை; தோலின் மேலேயே ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும்.

முதலில் சொன்ன வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி ஒன்றைச் சுற்றி, மறுபடியும் விசிறியின் கீழ் தொங்கவிடுங்கள். இப்போது பாதரசம் விறுவிறுவென்று இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது ஊரைப் பொறுத்தது. மதுரையில் ஒரு கோடை நண்பகலில் வெப்பநிலை 38 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதம் என்று கொள்வோம். ஈரக்குமிழ் ஏறக்குறைய 24 டிகிரி வரை இறங்கும். சென்னையில் கடற்காற்று வீசும் மாலையில் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 28 டிகிரியோடு நின்றுவிடும். அங்கே 14 டிகிரி இறக்கம், இங்கே வெறும் 4. கடற்கரை ஊர்களில் வெப்பநிலை குறைவாக இருந்தும் உடம்பு கசகசப்பதற்குக் காரணம் இதுவே. அங்கே விசிறி இல்லாமல் உறங்குவது கடினம்.

எப்போது விசிறி உதவாது?

தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி. காற்று இதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, விசிறியால் இரண்டு வழியிலும் நமக்கு இலாபம். காற்று இதைவிடச் சூடாகிவிட்டால் ஒரு வழி எதிராகத் திரும்புகிறது: வீசும் காற்று நம்மிடமிருந்து வெப்பத்தை எடுப்பதற்குப் பதிலாக நமக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. அப்போதும் வியர்வை ஆவியாவதால் கிடைக்கும் இலாபம் அந்த நட்டத்தைவிடப் பெரியது. ஆகவே விசிறி உதவுகிறது. ஆனால் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, காற்றும் வறண்டிருந்தால் நிலைமை வேறு. சுரக்கும் வியர்வை முழுவதும் விசிறி இல்லாமலேயே ஆவியாகிவிடுகிறது; விசிறியால் அதை மேலும் கூட்ட முடியாது. சூடான காற்றை மேலே மோதவிடுவது மட்டுமே மிச்சம். உலகச் சுகாதார நிறுவனமும் 40 டிகிரிக்கு மேல் மின்விசிறி உடலைச் சூடாக்கும் என்றே எச்சரிக்கிறது.

முதியவர்களுக்கு வியர்வை குறைவாகவே சுரக்கும் என்பதால், அவர்களுக்கு இந்த எல்லை இன்னும் கீழே இருக்கிறது. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ போட்ட வீட்டில், கத்திரி வெயில் நாளின் பிற்பகலில், வெளியே வானிலை நிலையம் சொல்லும் வெப்பநிலையை விட உள்ளே அதிகமாக இருக்கக்கூடும். அங்கே படுத்திருக்கும் பாட்டிக்கு ‘விசிறிதான் ஓடுகிறதே’ என்று இருந்துவிடக் கூடாது. நனைத்த துணியால் கை, கால், கழுத்தைத் துடைத்துவிட்டு விசிறியை ஓடவிடுங்கள். உடலால் சுரக்க முடியாத வியர்வையின் வேலையை அந்தத் தண்ணீர் செய்யும். அடிக்கடி குடிக்கவும் கொடுக்க வேண்டும். கூடுமானால் நிழலான, காற்றோட்டமான வேறிடத்துக்கு அழைத்துச் செல்வதே மேல்.

மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையிலும் ஒரு சிக்கல் உண்டு. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய காங்கிரீட் தளம், இரவு வெகுநேரம் வரை அதைக் கீழே விடுகிறது. கூரையை ஒட்டி நிற்கும் சூடான காற்றைத்தான் விசிறி கீழே தள்ளுகிறது. வெளியே குளிர்ந்ததும் சன்னல்களைத் திறந்துவிட்டால் அந்தச் சூடு வெளியேற வழி கிடைக்கும். மாடித் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் பகலில் ஏறும் சூடே குறையும். குளிர் நாடுகளில் இதையே நேர்மாறாகப் பயன்படுத்துகிறார்கள்: பனிக்காலத்தில் விசிறியை எதிர்த்திசையில் மெதுவாகச் சுழலவிட்டு, மேலே தேங்கிய வெதுவெதுப்பைக் கீழே கொண்டுவருகிறார்கள்.

கொசு பலமாகப் பறக்கத் தெரியாத பூச்சி. விசிறிக் காற்றை எதிர்த்து அது நம்மை நெருங்குவது கடினம். நாம் விடும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்தே அது வருகிறது; காற்று அதையும் கலைத்துவிடுகிறது. குளிர்சாதனம் உள்ள வீட்டிலும் விசிறிக்கு வேலை உண்டு. விசிறியை ஓடவிட்டால், குளிர்சாதனத்தின் வெப்பநிலையை இரண்டு, மூன்று டிகிரி உயர்த்தி வைத்தாலும் அதே சுகம் கிடைக்கும். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்திச் சிக்கனத்துக்கான மத்திய அமைப்பின் கணக்கு.

உள்ளே என்ன இருக்கிறது?

கயிறு கட்டி ஆள் இழுத்த துணிப் பங்காவுக்கு மாற்றாக, 1880களில் அமெரிக்காவில் பிலிப் டீல் என்பவர் மின்மோட்டாரைக் கூரையில் தொங்கவிட்டு இறக்கைகளைப் பொருத்தினார். இன்று நம் வீடுகளில் மிகுதியாக இருப்பது தூண்டு மோட்டார். சாதாரண மோட்டாரில் வெளிக்கூடு நிற்கும், நடுத்தண்டு சுழலும். இதிலோ நடுத்தண்டு கூரையோடு பிணைந்து நிற்கிறது. வெளிக்கூடு இறக்கைகளோடு சுழல்கிறது. சுழலத் தொடங்கும் உந்துதலுக்கு மின்தேக்கி ஒன்று துணை செய்கிறது. கடைக்காரர் இதைக் ‘கண்டென்சர்’ என்பார். விசிறி வரவர மெதுவாகச் சுழன்றால், பெரும்பாலும் இதுதான் வலுவிழந்திருக்கும். சிறிய செலவில் மின்பணியாளரைக் கொண்டு மாற்றிவிடலாம்.

இப்போது பி.எல்.டி.சி. எனப்படும் வகை பரவி வருகிறது. இதன் சுழலும் பகுதியில் நிலைக்காந்தங்கள் உள்ளன. கம்பிச்சுருள்களில் பாயும் மின்னோட்டத்தை ஒரு மின்னணுச் சுற்று மாற்றி மாற்றிச் செலுத்துகிறது. 30 வாட் அளவிலேயே இது அதே காற்றைத் தருகிறது. தினம் 10 மணி நேரம் ஓடினால், 75 வாட் விசிறி இரண்டு மாதத்தில் 45 யூனிட் செலவழிக்கும். இதற்கு 18 யூனிட் போதும். விலை அதிகம் என்பதால், அதிக நேரம் ஓடும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுவதே கணக்குக்குச் சரிவரும். 2023 முதல் மின்விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகியுள்ளது. வாங்கும்போது அதைப் பாருங்கள்.

பொருத்தும் உயரமும் முக்கியம். 1200 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 350 முறை சுழன்றால், இறக்கையின் நுனி வினாடிக்கு 22 மீட்டர் செல்கிறது. மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் விரையும் பேருந்தின் வேகம்! இறக்கை தரையிலிருந்து 2.4 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கூரையை ஒட்டியும் மாட்டக்கூடாது. மேலிருந்து காற்று இறங்கிவர 30 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

உங்கள் வீட்டு விசிறி எத்தனை வாட் எடுக்கிறது என்பதை நீங்களே அளக்கலாம். மின்னணு மீட்டரில் சிமிட்டும் சிறு சிவப்பு விளக்கு இருக்கும். அதன் அருகே, ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்ற எண் அச்சிட்டிருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். எனவே ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, ரெஃப்ரிஜிரேட்டர் உட்பட மற்ற எல்லாவற்றையும் சில நிமிடங்கள் நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். மீட்டரைத் தொட வேண்டியதில்லை, பார்த்தால் போதும். இரண்டு சிமிட்டல்களுக்கு இடையே 15 வினாடி ஆனால், 1125-ஐ 15-ஆல் வகுக்க 75 வாட். அடுத்து ரெகுலேட்டரை ஒவ்வொரு எண்ணிலும் வைத்து அளந்து பாருங்கள். தொட்டால் சுடும் பழைய பெரிய ரெகுலேட்டராக இருந்தால், விசிறி மெதுவாகச் சுழன்றாலும் வாட் அதற்கேற்பக் குறைந்திருக்காது. விசிறிக்குப் போகாத ஆற்றல் ரெகுலேட்டரின் மின்தடையில் வெப்பமாகிக்கொண்டிருக்கும்.